எண்ணெய் சுமக்கும் பாரம்

(வருடாந்த ஒன்றுகூடலில், வாலிபர்களின் தொழிலறிவுக்காக நிகழ்த்தப்பட்ட உரை)



படகு இயந்திரம் பழுதுபார்ப்பதைப் பற்றி இன்று பேசப்போகிறேன் என்றதும், "கடல் எங்கே, பதுளை எங்கே?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் நம் பதுளு ஓயாவின் தண்ணீர் மகாவலியிற் கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிலே கடலைச் சேருகின்றது. தண்ணீர் கிழக்கே போவது போலவே நம் பிள்ளைகளிற் சிலரும் கிழக்கே போகிறார்கள். பசறை கடந்து, சியம்பலாண்டுவை வழியாகப் போனால் பொத்துவில், அதையடுத்து அறுகம்பை. அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டியதில்லை. ஊவாவின் எல்லையை ஒட்டி, இங்கினியாகலையிலே சேனாநாயக்க சமுத்திரம் இருக்கின்றது. 1954ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கல்லோயா தேசிய வனத்தைப் பார்க்க வருவோரை அங்கே படகில் ஏற்றிச் சென்று, தீவுக்குத் தீவு யானை நீந்துவதைக் காட்டுகிறார்கள். படகு இருக்குமிடத்தில் இயந்திரம் இருக்கும். இயந்திரம் இருக்குமிடத்தில் பழுதும் இருக்கும். பழுதுள்ள இடத்தில் கைத்தொழிலறிந்தவனுக்குச் சோறு உண்டு.

இஃதன்றி இன்னொரு காரணமும் உண்டு. நான் சொல்லப்போகும் கருவியின் தத்துவமும், எல்லவிலிருந்து வெல்லவாய இறக்கத்தில் வேனை நிறுத்தும் பிறேக்கின் தத்துவமும் ஒன்றே. ஒன்றைப் புரிந்துகொண்டவன் மற்றதையும் புரிந்துகொள்வான். ஒன்றில் செய்யும் பிழையை மற்றதிலும் செய்வான். அந்தப் பிழை மலைப்பாதையில் உயிரை வாங்கும். ஆதலால் படகையே காணாத தம்பிமாரும் சற்றுச் செவிசாய்க்க வேண்டும்.

முதலில் கருவி எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். படகின் பின்பலகையிலே கொளுவித் தொங்கவிடும் இயந்திரத்தை வெளியிணைப்பு இயந்திரம் என்கிறோம். அமெரிக்காவில் குடியேறிய நோர்வே நாட்டவரான ஓல் எவின்றூட் 1909ஆம் ஆண்டு இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டார். மேலே இயந்திரம், நடுவே நீண்ட கால், அடியிலே விசிறி. கரைக்கு வரும்போது விசிறி மணலில் இடிக்காமல் காலை மேலே தூக்கவேண்டும். நம் நாட்டு மீனவர் பெரும்பாலோர் வைத்திருக்கும் சிறு இயந்திரங்களைக் கையாலேயே தூக்கிவிடலாம். ஆனால் 115 குதிரைவலுவுள்ள நாலடி இயந்திரம் ஏறத்தாழ 160 முதல் 180 கிலோ வரை நிறையுள்ளது. மூன்று மூடை அரிசிக்கு மேல்! அதை ஓடும் படகில் நின்று ஒருவன் தூக்க முடியாது. ஆகவே பெரிய இயந்திரங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் எண்ணெயின் விசையால் கால் தானே எழும்பும்படி ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள்.

இந்த அமைப்புக்கு வேலை இரண்டு. ஓடும்போது காலைச் சிறிது முன்னும் பின்னும் சாய்த்து, படகின் அணியம் தண்ணீரிற் புதையாமலும் அளவுக்கு மீறி எழும்பாமலும் சமன்செய்வது ஒன்று. இது ஏறத்தாழ 20 பாகைக்குள் அடங்கும். கரை சேரும்போது காலை 70 பாகை அளவுக்குத் தண்ணீருக்கு வெளியே தூக்கிவிடுவது மற்றொன்று. பெரும்பாலான பெரிய இயந்திரங்களில் முதல் வேலைக்கு இரண்டு கட்டை உருளைகளும், இரண்டாவது வேலைக்கு ஒரு நீண்ட உருளையும் இருக்கும். இவற்றோடு பற்றறியில் ஓடும் ஒரு சிறு மின்மோட்டார், அது சுழற்றும் பற்சக்கரப் பம்பு, எண்ணெய்த் தொட்டி, எண்ணெய்க்கு வழிவிடும் வால்வுகள் ஆகியன கைக்கு அடங்கும் ஒரு கட்டையில் சேர்ந்திருக்கும்.

மோட்டார் ஒரு பக்கம் சுழன்றால் எண்ணெய் பிஸ்டனின் கீழ்ப்புறம் புகுந்து காலைத் தூக்கும். மறுபக்கம் சுழன்றால் மேற்புறம் புகுந்து இறக்கும். மோட்டார் நின்றதும் வால்வுகள் வழியை அடைத்துக்கொள்ளும். எண்ணெய் ஓட இடமின்றி அங்கேயே நிற்கும். இயந்திரத்தின் பாரம் முழுவதையும் அந்த எண்ணெய்தான் சுமக்கின்றது.

எண்ணெய் எப்படிச் சுமக்கும்? பிரான்சு தேசத்து அறிஞர் பஸ்கால் இதை விளக்கியவர். அவர் 1662இல் காலமானார். அவருடைய நூல் மறுவருடம் வெளிவந்தது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பதே அவர் கண்டது. ஒரு சதுர அங்குலப் பிஸ்டனை 20 இறாத்தல் விசையால் அழுத்தினால், அதே எண்ணெயில் நிற்கும் பத்துச் சதுர அங்குலப் பிஸ்டன் 200 இறாத்தலைத் தூக்கும். சும்மா கிடைத்த இலாபம் அல்ல. சிறியது பத்து அங்குலம் இறங்கினால்தான் பெரியது ஓர் அங்குலம் எழும்பும். லொறியைத் தூக்கும் ஜாக்கியை நீங்கள் எத்தனை தடவை குத்துகிறீர்கள், லொறி எவ்வளவு எழும்புகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

1795இல் இங்கிலாந்தில் ஜோசெப் பிராமா இந்தத் தத்துவத்தில் ஓர் அழுத்தப் பொறி செய்து உரிமைப் பத்திரம் பெற்றார். பொறி பலமாகத்தான் இருந்தது. ஆனால் பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. இறுக்கிக் கட்டினால் பிஸ்டன் அசையாது, தளர்த்தினால் ஒழுகும். அவருடைய பட்டறையில் இருந்த ஹென்றி மோட்ஸ்லே என்ற இளம் தொழிலாளி, கிண்ணம்போல் வளைத்த ஒரு தோல்வளையத்தைப் போட்டு அதைத் தீர்த்தார் என்பர். அமுக்கம் ஏற ஏற அந்தத் தோல் தானே விரிந்து அடைத்துக்கொள்ளும். அமுக்கம் போனதும் தளர்ந்துவிடும். முதலாளியின் பெயர் பொறிக்கு நின்றது. பொறியை வேலைசெய்ய வைத்தது அந்தத் தோல்வளையம். தோலுக்குப் பின் றப்பர் வந்தது. டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா சென்ற நீல்ஸ் கிறிஸ்ரென்சன் எழுபது வயது கடந்தபின், 1937இல், வட்டமான றப்பர் வளையத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்டு, 1939இல் பெற்றார். அதைத்தான் நம் கராஜ்களில் 'ஓ றிங்' என்கிறோம்.

இவ்வளவு விபரம் ஏன் சொல்கிறேன் என்றால், படகு இயந்திரத்தின் தூக்கி பழுதாகும்போது வேலைக்காரரின் கண் முதலில் போவது மோட்டாரிலும் பம்பிலும்தான். எண்ணெய் ஒழுகும் அல்லது தூக்கிய கால் இறங்கும் பழுதுகளிற் பெரும்பகுதியோ, விரல் நுனியில் நிற்கும் இந்த வளையங்களில் இருக்கின்றது. முழுக் கட்டையையும் கழற்றி எறிந்து புதிதாகப் பூட்டுவதற்கும், ஒரு தொகுதி வளையங்கள் வாங்கிப் போடுவதற்கும் உள்ள விலை வித்தியாசம் படகுக்காரனின் ஒரு பருவ வருமானத்தையே விழுங்கக்கூடியது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, இறக்குமதிகள் தடைப்பட்ட காலத்தில் புதிய கட்டை பணம் கொடுத்தாலும் கிடைப்பது அரிதாயிற்று. பழுதுபார்க்கத் தெரிந்தவனுக்கு அன்றுதான் மதிப்புத் தெரிந்தது.

இனி வேலைக்கு வருவோம்.

எதையும் தொடுமுன் காலை மேலே தூக்கி, அதிலுள்ள தாங்குபிடியைப் பூட்டவேண்டும். அதை மட்டும் நம்பாமல், பலமான மரக்கட்டை ஒன்றையோ, தாங்கும் வலுவுள்ள சங்கிலித் தூக்கியையோ கொடுக்கவேண்டும். எண்ணெயை நம்பி அடியில் படுக்கக்கூடாது. கழற்றப்போவதே அந்த எண்ணெய் அல்லவா! 170 கிலோ இரும்பு விழுவதற்கு ஒரு திருகாணி தளர்ந்தாலே போதும். இந்த விஷயத்தில் அவசரப்படுத்தும் முதலாளியிடம் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்லும் துணிவும் தொழிலின் ஒரு பகுதிதான்.

அடுத்து, பொத்தானை அழுத்திவிட்டுக் காதைக் கொடுக்கவேண்டும். ஸ்பானரை எடுப்பது பிறகு.

ஒரு சத்தமும் இல்லையாயின் பற்றறி, பியூஸ், பொத்தான், கம்பி இவற்றைப் பார்க்க. 'டிக்' என்று மட்டும் கேட்டால் றிலே வேலைசெய்கின்றது. மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது போயும் மோட்டார் சுழலவில்லை. பொத்தானை அழுத்தியபடியே மோட்டார்க் கம்பியில் மீற்றரை வைத்துப் பார்த்தால் உண்மை வெளிவரும். 12 வோல்ற் அளவில் வந்தும் சுழலாவிட்டால் மோட்டாரைக் கழற்றலாம். உள்ளே கரித்துண்டு தேய்ந்திருக்கும், அல்லது உப்புநீர் புகுந்து துருப்பிடித்திருக்கும். மேலே போகிறது, கீழே வரவில்லை, அல்லது கீழே வருகிறது, மேலே போகவில்லை என்றால், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனியாக உள்ள இரண்டு றிலேக்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். குறையும் இடம் மாறினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

மோட்டார் வழமைக்கு மாறாக வேகமாகச் சுழன்று இரைகிறது, கால் எழும்பவில்லை. இது வேறு கதை. எண்ணெய் குறைந்திருக்கும், அல்லது கையால் இறக்குவதற்கென வைத்த திருகாணி வால்வு திறந்திருக்கும். யாரோ முன்பு காலைக் கையால் தூக்குவதற்காக அதைத் திருகிவிட்டு, மறுபடி பூட்ட மறந்திருப்பார். அந்தத் திருகாணியை இறுக்கியதும் "சுகமான" இயந்திரங்கள் எத்தனையோ! இதற்குக் கூலி கேட்பதா விடுவதா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

கால் துள்ளித் துள்ளி எழும்பினால் எண்ணெயில் காற்று கலந்திருக்கின்றது. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். வேனின் பிறேக் பெடல் பஞ்சுபோல் உள்ளே போவதும் இதனால்தான்.

இனி, மிகவும் ஏமாற்றும் நோய் ஒன்றுண்டு. மாலையில் தூக்கிவைத்த கால் காலையில் பார்த்தால் இறங்கியிருக்கும். வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்காது. எண்ணெய் உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் கசிகின்றது. சோதனைக்காகத் தாங்குபிடி பூட்டாமல் காலைத் தூக்கி, சோக்கட்டியால் ஒரு கோடு இட்டு, அடியில் ஒருவரும் போகாதபடி தடுத்து, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். இறங்கினால் முதலில் அந்தக் கைத்திருகாணி வால்வைக் கழற்றி அதன் வளையங்களைப் பார்க்கவேண்டும். அது எளிதில் கழலும், விலையும் குறைவு. அது நன்றாயிருந்தால் பிஸ்டன் வளையங்கள். அதன்பின் வால்வு இருக்கைகளில் சிக்கிய தூசி. எளிதிலிருந்து கடினத்துக்குப் போகவேண்டும். தலைகீழாகத் தொடங்குகிறவர்களே அதிகம்.

உருளையைத் திறக்கும்போது அதன் மூடி உப்பினால் இறுகியிருக்கும். அந்த மூடியில் இரண்டு துளைகள் உண்டு. அவற்றுக்கென ஊசிமுனைச் சாவி இருக்கின்றது. உளியும் சுத்தியலும் கொண்டு அடித்தால் அலுமினியம் பிளந்துவிடும். அடிக்கடி ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரு நாள் பொறுத்து, அளவாகச் சூடு காட்டிக் கழற்றவேண்டும். தண்டு வெள்ளிபோல் பளபளவென்று இருக்கவேண்டும். விரல் நகத்தில் தட்டும்படி கீறலோ குழியோ இருந்தால், எத்தனை புது வளையம் போட்டாலும் அது கிழித்துக்கொண்டேயிருக்கும், தண்டை மாற்றவேண்டியதுதான்.

துடைப்பதற்குப் பஞ்சுக் கழிவை எடுக்கவேண்டாம். நம் கராஜ்களில் இதுதான் வழக்கம். தேயிலைத் தொழிற்சாலையில் சலிப்பறை பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. தூளில் நார் கலந்தால் தேயிலையின் விலை விழும். இங்கே வால்வின் வாயில் ஒரு நார் சிக்கினால் காலே விழும். நார் உதிராத துணியால் துடைத்து, புதிய வளையத்தை அதே எண்ணெயில் நனைத்து, கூரில்லாத கருவியால் மெதுவாக ஏற்றவேண்டும். முறுக்கிக்கொண்ட வளையம் பூட்டிய அன்றைக்கு வேலைசெய்யும். அடுத்த மாதம் செய்யாது.

எண்ணெய் எது என்பதுதான் நான் இங்கே பேச வந்ததன் சாரம். பல இயந்திரங்களுக்குத் தானியங்கிக் கியர்ப்பெட்டிக்குரிய சிவப்பு எண்ணெய் விதிக்கப்பட்டிருக்கின்றது. சில கம்பனிகள் தமக்கென ஓர் எண்ணெய் சொல்லும். கைநூலைப் பார்த்து ஊற்றவேண்டும். பிறேக் எண்ணெய் மட்டும் ஊற்றக்கூடாது. 'இதுவும் அமுக்கத்தில் வேலைசெய்கிறது, அதுவும் அமுக்கத்தில் வேலைசெய்கிறது, எல்லாம் ஒன்றுதானே' என்பது நம்மிடையே பரவலான எண்ணம். றப்பர் எல்லாம் ஒரே றப்பர் அன்று. படகுத் தூக்கியின் வளையம் கனிய எண்ணெயைத் தாங்கும்படி செய்த றப்பர். சாதாரண பிறேக் எண்ணெயில் அது ஊதி மெலிந்துபோகும். பிறேக்கின் றப்பர்க் கிண்ணமோ பிறேக் எண்ணெயைத் தாங்கும். கனிய எண்ணெய் பட்டால் வீங்கும்.

மேசைமீது இரண்டு போத்தல்கள் வைத்திருக்கிறேன். ஒன்றில் பிறேக் எண்ணெயிலும் மற்றதில் சிவப்பு எண்ணெயிலுமாக ஒரே அளவான இரண்டு பிறேக் கிண்ணங்களைச் சில நாட்களுக்கு முன் போட்டேன். சிவப்பிற் கிடந்தது உருளைக்குள் நுழையாத அளவு பருத்திருக்கின்றது. கூட்டம் முடிந்ததும் கையில் எடுத்துப் பாருங்கள். வண்டியின் பிறேக் தொட்டியில் இந்த எண்ணெயைச் 'சமாளிப்புக்காக' ஊற்றினால், முதலில் ஒன்றும் தெரியாது. பெடல் நன்றாகவே இருக்கும். கிண்ணம் மெல்ல மெல்ல வீங்கி, எண்ணெய் திரும்பிவரும் துளையை அடைத்து, பிறேக் விடாமல் பிடித்துச் சூடேறும்; அல்லது கிண்ணம் சிதைந்து பிறேக்கே இல்லாமற் போகும். அது சமதரையில் நடக்கவேண்டும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்? நம் ஊரில் சமதரை எங்கே இருக்கின்றது?

பிறேக் எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நீண்ட இறக்கத்தில் பிறேக் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும். மூடி திறந்து மாதக்கணக்காய்க் கிடந்த போத்தலிலிருந்து ஊற்றுவது ஆகாது என்பது இதனாலேயே. பெரிய பஸ்களில் காற்று பிறேக். ஆனால் வேன், சிறு லொறி, முச்சக்கர வண்டி எல்லாம் எண்ணெய் பிறேக்தான். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அவற்றில்தான்.

ஒரு றப்பர் வளையத்தை இவ்வளவு பெரிதுபடுத்துவானேன் என்று எண்ணுவோர் உண்டு. 1986 ஜனவரி 28ஆம் திகதி அமெரிக்காவின் சலெஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 வினாடிகளில் சிதறி ஏழு பேர் மாண்டார்கள். குளிரில் இறுகிப்போன றப்பர் வளையம் அடைக்கத் தவறியதே காரணம் என்று கண்டார்கள். விசாரணையில் இருந்த பேராசிரியர் பெயின்மன், ஒரு குவளை ஐஸ் தண்ணீரில் அந்த றப்பர்த் துண்டை நனைத்து, எல்லோர் முன்னிலையிலும் அதைக் காட்டினார். அத்தனை கோடிச் செலவும் அத்தனை கல்விமான்களும் இருந்த இடத்தில் நடந்தது அது.

நிற்க. பூட்டி முடித்தபின் காற்றை வெளியேற்ற வேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் காலை முழுதும் தூக்கி, தாங்குபிடி பூட்டி, அதன்பிறகே எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறக்கலாம். இறங்கிய நிலையில் திறந்தால் உள்ளிருக்கும் அமுக்கத்தால் எண்ணெய் முகத்தில் பீறிடும். துளையின் விளிம்புவரை ஊற்றி மூடி, தாங்குபிடியை எடுத்து, நாலைந்து தடவை ஏற்றி இறக்கி, மறுபடி பார்த்து ஊற்றவேண்டும். அளவு குறையாமல் நிற்கும்வரை இதைச் செய்க. பழைய எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கின்றது. அப்படியாயின் முழுதும் வடித்துக் கழுவாமல் விடக்கூடாது.

இந்தத் தூக்கி தூக்குவது மட்டுமல்ல, அடி தாங்கவும் செய்கின்றது. சேனாநாயக்க சமுத்திரம் போன்ற நீர்த்தேக்கங்களில் முன்பு காடாயிருந்த நிலம் மூழ்கிக் கிடப்பதால், தண்ணீருக்கடியில் பட்ட மரங்கள் நிற்கும். ஓடும் படகின் கால் ஒரு கட்டையில் மோதினால், நீண்ட உருளையின் பிஸ்டனிலுள்ள அதிர்ச்சி வால்வுகள் திறந்து எண்ணெயை விட்டுக்கொடுக்கும்; கால் பின்னால் எழும்பி, கட்டையைத் தாண்டி, மெல்லப் பழைய இடத்துக்கு வரும். வால்வுகள் அடைபட்டிருந்தாலோ, 'தற்காலிகமாக' யாரேனும் இரும்புச் சட்டம் வைத்துக் காலை இறுக்கிக் கட்டியிருந்தாலோ, அந்த அடி முழுவதும் பின்பலகையில் விழும். பலகை பிளந்தால் படகில் இருப்பவர்கள் கதி என்ன? அதிலும் அவர்கள் நீச்சல் அறியாத விருந்தாளிகள். ஆகையால் எண்ணெய் இல்லாத தூக்கியோடு படகை ஓடவிடச் சொன்னால், மறுத்துவிடுங்கள்.

தொழிலை ஒழுங்காகக் கற்க விரும்பும் தம்பிமாருக்கு ஒரு தகவல். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பு, திருகோணமலை முதலிய இடங்களில் பயிற்சி நிலையங்கள் உள்ளன. பல்கலைக்கழகம் என்ற பெயரைக் கண்டு பயப்படவேண்டாம். தொழிற்பயிற்சியும் அங்கே உண்டு. எந்தப் பாடநெறி எப்போது தொடங்குகிறது, எந்த மொழியில் நடக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். சங்கப் பெரியோர்கள் பஸ் கூலிக்கும் தங்குமிடத்துக்கும் வழிசெய்தால், இரண்டு பேரையாவது அனுப்பலாம் என்பது என் விண்ணப்பம். இதைத் தலைவர் அவர்கள் கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

கடைசியாக, கடற்கரையில் வேலைசெய்யப் போகிறவர்களுக்கு. உப்புநீரில் ஓடிய இயந்திரத்தை அன்றன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தாங்கியில் பூட்டியிருக்கும் அரிமானக் கட்டி தானே கரைந்து மற்ற உலோகங்களைக் காப்பது. அதற்குப் பெயின்ற் பூசிவிடாதீர்கள், பாதிக்கு மேல் கரைந்தால் மாற்றிவிடுங்கள். இரவில் காலைத் தூக்கித் தாங்குபிடி போட்டபின், இறக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். பல இயந்திரங்களில் கால் பிடியில் நிற்க, கட்டை உருளைகளின் தண்டுகள் மட்டும் உள்ளே போய்விடும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவற்றில் உப்பும் சிப்பியும் படியும். மறுநாள் அவை உள்ளே போகும்போது வளையத்தைக் கிழிக்கும்.

போத்தல்களைப் பார்ப்பவர்கள் கையைத் துடைத்துக்கொள்ளத் துணி வைத்திருக்கிறேன். பிறேக் எண்ணெய் மேசையின் பெயின்றை உரித்துவிடும்; சிந்தாமல் எடுங்கள்.